காசல்ரீ – மவுசாக்கலை வளையம்: சமவெளிக் கால்களுக்கு ஒரு மலைப்பாதை

கேள்வி இதுதான்: "அண்ணா, நாங்கள் யாழ்ப்பாணம் கோண்டாவிலைச் சேர்ந்த மூன்று பேர். சனி, ஞாயிறுகளில் தீவகப் பக்கம் 100 கிலோமீற்றர் வரை சைக்கிள் ஓடுகிறோம். மலையகத்தில் நீர்த்தேக்கங்களைச் சுற்றி ஒரே நாளில் ஓடி முடிக்கக்கூடிய, கஷ்டமான, ஆனால் அழகான ஒரு வளையப் பாதை சொல்லுங்கள். எங்களுடையது பழைய றேஸ் சைக்கிள்கள்: பல்லுச்சக்கரம் முன்னால் 53/39 பல், பின்னால் 11–25 பல். மலை ஓடிப் பழக்கமில்லாத எங்களால் முடியுமா?"

முடியும் தம்பி. ஆனால் அந்தக் கியரோடு வேண்டாம். கியர் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் பாதை.

ஹற்றனில் தொடங்குங்கள். ஏ7 வீதியால் ரொசல்ல, வட்டவளை வழியே கினிகத்தேனைக்கு இறங்கி, அங்கிருந்து திரும்பி நோட்டன்பிரிட்ஜ். அதன் பிறகு நீண்ட ஏற்றம். ஏறி முடித்தால் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் மஸ்கெலியாவும். அங்கிருந்து நோர்வூட், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரை, டிக்கோயா, மீண்டும் ஹற்றன். மொத்தம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். போன முறை நாங்கள் மூன்று பேர் ஓடினோம். மூன்று கருவிகளும் மூன்று விதமாக ஏற்றத்தைக் காட்டின, ஆனால் மூன்றுமே 1,000 மீற்றருக்கு மேல். தீவகத்தில் 100 கிலோமீற்றரை நாலு மணித்தியாலத்தில் முடிக்கிறவர் இந்த எண்பதுக்கு ஏழு மணித்தியாலமாவது ஒதுக்க வேண்டும்.

நீர்த்தேக்கம் என்றதும் பலர் விக்டோரியா, ரந்தெனிகலைப் பக்கம்தான் கைகாட்டுவார்கள். விக்டோரியா நாட்டிலேயே உயரமான அணை, 122 மீற்றர். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த வீதி சரணாலயத்துக்கு நடுவால் போகிறது. யானை நடமாடும் இடத்தில், ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் சைக்கிள்காரருக்குத் தப்பி ஓட வழி கிடையாது. வெக்கையும் அதிகம். முதல் தடவைக்கு அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஹற்றன் வளையத்தை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், அது ஆறுகளை வைத்துப் படிக்கக்கூடிய பாதை. நாங்கள் சமவெளியில் வளர்ந்தவர்கள். தெருவைப் பார்த்தால் வளைவு தெரியும், பள்ளம் திட்டி தெரியும், ஆனால் அடுத்த ஏற்றம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று மனசு சொல்லாது. மலையில் அதைச் சொல்வது தண்ணீர். ஹற்றன் நீர் பிரியும் மேட்டில் இருக்கிறது. ஊரின் ஒரு பக்கத்தில் விழும் மழை ஹற்றன் ஓயாவில் சேர்ந்து மகாவலியாகி, நாட்டைச் சுற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேரும். டிக்கோயாப் பக்கம் விழும் மழை கெஹெல்கமு ஓயாவில் இறங்கி, களனியாகிக் கொழும்பில் கடலில் விழும். கினிகத்தேனையும் அப்படி ஒரு மேடுதான். நாவலப்பிட்டிப் பக்கம் மகாவலி, கித்துல்கலைப் பக்கம் களனி.

இப்போது வளையத்தை மறுபடி பாருங்கள். ஹற்றனிலிருந்து கினிகத்தேனை வரை மகாவலியின் பக்கம். கினிகத்தேனையில் மேட்டைத் தாண்டி களனியின் பக்கம் போகிறீர்கள். நோட்டன்பிரிட்ஜில் நிற்பது கெஹெல்கமு ஓயா. மஸ்கெலியாவில் இருப்பது மஸ்கெலி ஓயா. இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் ஒரு மலைமுதுகு கட்டாயம் இருக்க வேண்டும், அதை நீங்கள் ஏறித்தான் ஆக வேண்டும். பிறகு மஸ்கெலியாவிலிருந்து நோர்வூட்டுக்கு வரும்போது திரும்பவும் கெஹெல்கமு ஓயாவின் பள்ளத்தாக்குக்கு வருகிறீர்கள், ஆகவே அந்த முதுகை இன்னொரு தடவை, இன்னொரு இடத்தில் கடக்க வேண்டும். கடைசியாக டிக்கோயாவிலிருந்து ஹற்றன் மேட்டுக்கு ஒரு ஏற்றம். ஆக மூன்று பெரிய ஏற்றங்கள், மூன்றுக்கும் காரணம் உண்டு. இது மனசில் பதிந்துவிட்டால் ஒவ்வொரு வளைவுக்கும் "இதுதானா உச்சி, இதுதானா உச்சி" என்று ஏங்கிச் சோர மாட்டீர்கள். பக்கத்தில் ஓடும் தண்ணீர் இன்னும் உங்களுக்கு எதிராக வருகிறதென்றால் உச்சி வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, உங்கள் கால்கள். பண்ணைத் தாம்போதியிலும் வேலணை – புங்குடுதீவுத் தாம்போதியிலும் சோழகம் என்ற தென்மேற்குக் காற்றுக்கு எதிராக ஓடியிருக்கிறீர்கள்தானே. அது வீண் போகாது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் நீங்கள் போக, அதே வேகத்தில் காற்று எதிரே அடித்தால், நெஞ்சில் விழும் தடை மூன்று நாலு வீதச் சரிவில் ஏறுவதற்குச் சமம். ஆனி, ஆடியில் குறிகட்டுவான் போய்த் திரும்பும் ஆளுக்கு மலைக்கு வேண்டிய மூச்சு ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. காற்றில் களைத்தால் வேகத்தைக் குறைக்கலாம், குறைத்தவுடன் காற்றின் தடையும் குறையும், உடம்பு ஆறும். மலை அப்படி விடாது. நீங்கள் எவ்வளவு மெதுவாகப் போனாலும் உங்கள் எடையை அது கீழே இழுத்துக்கொண்டேதான் இருக்கும். வேகத்தைக் குறைத்து இலகுவாக வேண்டுமென்றால் அதற்குக் கீழே ஒரு கியர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாக உழக்குவது இன்னும் கடினமாகும், முழங்கால் கெடும். சமவெளி ஆட்கள் மலையில் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நெஞ்சு தயாராக இருக்கும், சைக்கிள் தயாராக இருக்காது.

கணக்காகவே பார்ப்போம். ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 80 கிலோ என்று வையுங்கள். 7 வீதச் சரிவு. நிமிடத்துக்கு 60 சுற்று உழக்குகிறீர்கள். இதற்குக் கீழே போனால் ஏறுவது பாரம் தூக்குவதுபோல ஆகிவிடும். உங்களிடம் இருக்கும் மிக இலகுவான கியர் 39க்கு 25. அதில் மணிக்கு 12 கிலோமீற்றர் போவீர்கள், அதற்கு 200 வாட் அளவு சக்தி வேண்டும். முன்னால் 34, பின்னால் 28 போட்டால் வேகம் 9 ஆகும், தேவை 155 வாட். பின்னால் 32 போட்டால் வேகம் 8, தேவை 135 வாட். வார இறுதியில் மட்டும் ஓடுகிற ஆரோக்கியமான ஒருவர் 135 வாட்டை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்துக்கொண்டே கொடுக்கலாம். 200 வாட்டைப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு மதகில் குந்த வேண்டியதுதான். அப்பாமார் ஓடிய லுமாலா சைக்கிளில் 44க்கு 18 போட்டிருப்பார்கள். அதே சரிவில் அதே 60 சுற்றுக்கு 300 வாட்டுக்கு மேல் வேண்டும். மலையகத்தில் ஆட்கள் சைக்கிளை அதிகம் வைத்துக்கொள்ளாததன் காரணம் அந்தக் கணக்கில் இருக்கிறது.

இங்கே ஒரு கவனம். உங்கள் சைக்கிளில் முன் செயின் வீலை மட்டும் கழற்றி 34 போட முடியாது. 53/39 போட்ட பழைய கிராங்குகளில் (பெடல் கையும் முன் பல்லுச்சக்கரமும் பூட்டும் பகுதி) ஆணித் துளைகள் இருக்கும் வட்டம் பெரும்பாலும் 130 மில்லிமீற்றர். அதில் 38க்குக் குறைவான பல்லுச்சக்கரம் ஏறாது. 110 மில்லிமீற்றர் வட்டமுள்ள 50/34 கிராங்கே வேண்டும். பின்னால் 28க்கு மேல் போவதென்றால் கசெட்டோடு (பின் பல்லுச்சக்கரத் தொகுதி) சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின் டிரெயிலியரும் நீளமான கை உள்ளதாக மாற வேண்டும், இல்லாவிட்டால் பெரிய பல்லில் சங்கிலி இறுகி நிற்கும். சங்கிலியின் நீளத்தையும் கூட்டுங்கள். மூன்று பேருக்கும் கிராங்க் வாங்க இப்போது காசு பத்தாது என்றால், குறைந்தது பின்னால் 28ஐப் போட்டுக்கொண்டு கினிகத்தேனைப் பகுதியை விட்டுவிடுங்கள். ஹற்றன் – நோர்வூட் – மஸ்கெலியா போய் அதே வழியில் திரும்புங்கள். இரண்டு நீர்த்தேக்கங்களும் அதற்குள் வந்துவிடும். அடுத்த வருடம் முழு வளையம் ஓடலாம்.

பயிற்சிக்கு வேறு மலை தேட வேண்டாம். சோழக மாதங்களில் பண்ணையிலும் பொன்னாலையிலும் காற்றுக்கு எதிராக, வேண்டுமென்றே பெரிய கியரில், ஆசனத்தை விட்டு எழும்பாமல், பத்து நிமிடம் 55 – 60 சுற்றில் உழக்குங்கள். காற்றோடு திரும்பி வந்து ஆறுங்கள். அப்படி நாலு தடவை. வாரத்தில் ஒரு நாள் போதும். இரண்டு மாதம் செய்தால் தொடை அந்த மெதுவான அழுத்தத்துக்குப் பழகிவிடும். முழங்கால் நொந்தால் உடனே விட்டுவிடுங்கள். இன்னொரு வழியும் உண்டு. கண்டிக்குப் போகும்போது மாத்தளையில் இறங்கி, ஏ9 வீதியில் பலகடுவைக் கணவாயைத் தாண்டிக் கண்டி வரை ஓடிப் பாருங்கள். வாகனம் அதிகம், அழகென்று சொல்ல மாட்டேன். ஆனால் இறக்கம் என்றால் என்ன என்பதை அது ஒரு மணித்தியாலத்தில் காட்டிவிடும்.

ஏற்றத்தைவிட இறக்கத்தைப் பற்றித்தான் எனக்குப் பயம். யாழ்ப்பாணத்தில் பிறேக் என்பது சந்தியில் நிற்பதற்கு. மாடு குறுக்கே வந்தால் ஒரு தடவை அமத்துவோம், பிறகு மறந்துவிடுவோம். 80 கிலோ எடை 500 மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தி ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் காணும். அதில் காற்று எடுத்துக்கொள்வது போக மிச்சம் முழுவதும் உங்கள் பிறேக் கட்டையிலும் றிம்மிலும்தான் வெப்பமாக இறங்குகிறது. இழுத்துப் பிடித்தபடியே வருகிறவருக்குக் காற்றின் பங்கு சிறியது, றிம்மின் பங்கு பெரியது. ஆகவே இழுத்துப் பிடிக்காதீர்கள். நேர் பகுதியில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டையும் சேர்த்து நன்றாக அமத்தி, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். முன் பிறேக்குக்குப் பயப்படாதீர்கள். சின்ன வயதில் "முன் பிறேக் பிடிச்சால் தலைகுப்புற விழுவாய்" என்று எல்லோருக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். இடுப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டு படிப்படியாகப் பிடித்தால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிறேக்தான் செய்யும்.

என் முதல் பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புறப்படுவதற்கு முதல் நாள் ஒரு கடையில் கொடுத்துப் புதிய பிறேக் கட்டை போட்டேன். போட்டவர் பின் சில்லின் இடது கட்டையை அரைச் சென்ரிமீற்றர் மேலே வைத்துப் பூட்டிவிட்டார். ஊரில் ஓடியபோது ஒன்றும் தெரியவில்லை. நானும் குனிந்து பார்க்கவில்லை. ஹற்றனிலிருந்து வட்டவளைக்கு இறங்கும்போது, ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் கட்டையின் விளிம்பு ரயரின் பக்கச் சுவரை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் றப்பர் கருகும் மணம் வந்தது. முன்னால் போன லொறியுடையது என்று நினைத்தேன். பிறகு வெடித்தது. இறக்கத்தில், ஈரத்தெருவில், ஒரு வளைவுக்குக் கொஞ்சம் முன்னால். விழவில்லை, வெறும் றிம்மில் உரசிக்கொண்டு மண் கரையில் போய் நின்றேன். ரயரின் பக்கத்தில் விரல் நீளத்துக்கு நூல் பிய்ந்து, வெள்ளை நரம்பு வெளியே தெரிந்தது. புது ரியூப் போட்டாலும் அந்த ஓட்டையால் பிதுங்கும். கொழுந்து மூட்டை ஏற்றி வந்த லொறியை நிறுத்திய ஒரு அண்ணர், தன் சட்டைப் பையிலிருந்த பால்மா பக்கெற் உறையை நாலாக மடித்து உள்ளே வைத்து, அதன் மேல் ரியூப்பைப் போட்டு, அரைக் காற்று அடித்துத் தந்தார். அதோடு ஹற்றனுக்கு நடந்தும் ஓடியும் திரும்பினேன். அன்றிலிருந்து எந்தக் கடையில் கொடுத்தாலும், வாங்கியவுடன் நாலு கட்டையும் றிம்மில் எங்கே படுகிறது என்று நானே குந்தியிருந்து பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். பையில் ஒரு துண்டுப் பழைய ரயர், ஒரு சாண் நீளத்துக்கு, கட்டாயம் வையுங்கள்.

மழையில் றிம் பிறேக் இன்னொரு மாதிரி. பிடித்தவுடன் பிடிக்காது. சில்லு இரண்டு மூன்று சுற்று சுற்றி நீரைத் துடைத்த பிறகுதான் கட்டை கவ்வும். அந்தப் பகுதியில் மழை என்பது பேச்சுக்கு அல்ல. வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும், யாழ்ப்பாணத்தில் பெய்வதைப்போல நாலு மடங்கு. அதனால் மே முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் வராதீர்கள். ஒக்டோபர், நவம்பரும் பின்னேர இடிமழைக் காலம். ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்லது. ஆனால் அதே காலம் சிவனொளிபாதமலைப் பருவம். மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணை வரை யாத்திரிகர் பஸ்கள் ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா வழியே நல்லதண்ணிக்கு இரவு பகலாக ஓடும். நித்திரை முழித்த சாரதிகள் காலையில் திரும்புவார்கள். ஆகவே பூரணை நாளும் வேண்டாம், சனி, ஞாயிறும் வேண்டாம். செவ்வாய் அல்லது புதன் என்று லீவு போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன்.

விடியற்காலை ஐந்தரைக்கு ஹற்றனில் நிற்க வேண்டும். ஊர் 4,000 அடிக்கு மேலே இருக்கிறது. நல்லூர்த் திருவிழாக் காலத்துக் காலை என்று நினைத்துச் சட்டையோடு வந்தால் இறக்கத்தில் விரல் விறைத்து பிறேக்கைப் பிடிக்க முடியாது. நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் ஒரு முழுப் பத்திரிகையை விரித்து வையுங்கள். அதைவிட மலிவான, நல்ல காற்றுத் தடுப்பு நான் கண்டதில்லை. கீழே வந்ததும் எடுத்து மடித்து வைக்கலாம். கினிகத்தேனைப் பக்கம் ஏன் முதலில் என்றால், ஏ7 பஸ்ஸும் லொறியும் ஓடும் பிரதான வீதி. ஏழு மணிக்கு முன் அது உங்களுக்கு. பத்து மணிக்கு அது அவர்களுக்கு. பின்னால் வெளிச்சம் கட்டாயம். பனிப்புகாரில் முப்பது மீற்றருக்கு அப்பால் ஆள் தெரியாது.

கினிகத்தேனையில் நன்றாகச் சாப்பிடுங்கள். இனி மஸ்கெலியா வரை பெரிய கடை எதையும் நம்ப வேண்டாம். நோட்டன்பிரிட்ஜ் வரை பாதை ஏறி இறங்கிப் போகும். நோட்டன் அணை சின்னது. ஆனால் இந்த நாட்டின் பெரிய நீர்மின்சாரத் திட்டங்களின் கதை இந்த ஆற்றில்தான் தொடங்குகிறது. பொறியியலாளர் விமலசுரேந்திர இந்த நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் எழுதி முன்வைத்தார். முதல் லக்சபான மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். அவர் 1953இல் காலமானார், அதாவது கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். மேலே காசல்ரீயில் தேங்கும் நீர் சுரங்கத்தால் இறங்கி, அவர் பெயரிலேயே உள்ள மின் நிலையத்தைச் சுற்றிவிட்டு நோட்டனுக்கு வருகிறது; நோட்டனிலிருந்து மறுபடி சுரங்கத்துக்குள் போய் லக்சபானவைச் சுற்றுகிறது; பிறகு பொல்பிட்டியவையும் சுற்றிவிட்டுத்தான் களனிக்கு விடுதலையாகிறது. மவுசாக்கலை நீரும் கனியன், புதிய லக்சபான என்று அதேபோல இறங்கி வந்து சேர்கிறது. நீங்கள் அன்று மூச்சு வாங்கி ஏறப்போகும் உயரம் அத்தனையையும் அந்த நீர் விழுந்து விழுந்து மின்சாரமாக்குகிறது. போர்க்காலத்தில் மின்சாரமில்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். இரவுச் செய்தி முடியும்வரை தம்பியும் நானும் மாறி மாறிச் சுற்றுவோம். நோட்டனில் நின்று அந்தக் குழாய்களைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் என் முழங்கை நோகிறது.

ஒரு விஷயம். அணைகளும் மின் நிலையங்களும் காவல் உள்ள இடங்கள். படம் எடுக்க வேண்டாம் என்றால் எடுக்க வேண்டாம், போ என்றால் போய்விடுங்கள்.

நோட்டனிலிருந்து மஸ்கெலியா வரைதான் இந்த வளையத்தின் முதுகெலும்பு. தேயிலை, சவுக்கு என்று மாறி மாறி வரும். லக்சபான அருவிக்கு இந்தப் பக்கத்தில்தான் பிரிந்து போக வேண்டும். 126 மீற்றர் உயரம், ஆனால் இறங்கிப் பார்த்துவிட்டு ஏற வேண்டும், அன்றைய கால்களுக்கு அது மேலதிகச் செலவு. நான் ஒரு தடவை போனேன், இனி வளையம் ஓடும் நாளில் போக மாட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைக் கவனியுங்கள். நாங்கள் இடது பக்கமாக ஓடுகிறவர்கள். இடது பக்கம் திரும்பும் வளைவில் உட்பக்க விளிம்பு உங்களுடையது, அது சட்டென்று செங்குத்தாகும். வளைவுக்குப் பத்து மீற்றர் முன்பே ஒரு கியர் குறைத்துவிடுங்கள், உள்ளே போய் மாற்றினால் சங்கிலி கழரும். வலது பக்கம் திரும்பும் வளைவில் நீங்கள் வெளி விளிம்பில் இருப்பீர்கள், அது தட்டையாக இருக்கும். மூச்சு விட அதுதான் இடம், தண்ணீர் குடிக்கவும் அதுதான் இடம்.

மூன்று பேரும் சேர்ந்து ஏற முயலாதீர்கள். தாம்போதியில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு போவது காற்றுக்கு. மணிக்கு 8 கிலோமீற்றரில் முதுகால் ஒரு பயனும் இல்லை. அவரவர் வேகத்தில் ஏறி, மேலே காத்திருங்கள்.

பையில் பனங்கட்டியும் பொரிவிளாங்காயும் எள்ளுருண்டையும் எடுத்து வாருங்கள். முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, பசிக்க முதல் ஒரு கடி. மலையில் பசி தெரியாது, குளிர் அதை மறைத்துவிடும். தெரியும்போது கை நடுங்கத் தொடங்கிவிடும்.

மவுசாக்கலைக்கு வந்துவிட்டால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மஸ்கெலியா இப்போது இருப்பது புது ஊர். பழைய மஸ்கெலியா நீருக்கடியில். 1960களின் கடைசியில் அணை கட்டியபோது அந்த ஊரை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறி வந்தார்கள். மழை பொய்த்த வருடங்களில், மார்ச், ஏப்ரலில், நீர் இறங்கும்போது பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்குள்ளிருந்து வெளியே வரும். நான் ஒரு தடவை பார்த்தேன். கரையிலிருந்து கோவிலுக்கு நடந்து போகலாம்போல இருந்தது. வெடித்த சேறு, தட்டுத் தட்டாக, கால் வைத்தால் ஓடுபோல நொருங்கியது. கருங்கல் தூண்களில் நீர் நின்ற மட்டம் கோடு கோடாகத் தெரிந்தது. ஒரு அம்மா, தோட்டத்து ஆள், பேத்தியோடு வந்து தூணடியில் கற்பூரம் கொளுத்தினார். "எங்க அம்மா கும்பிட்ட சாமிங்க. தண்ணி எறங்குனா வந்துட்டுப் போவோம்" என்றார். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் வந்ததாகச் சொன்னபோது நம்பவில்லை. வலிகாமம் வடக்கில் ஊரை விட்டு வந்து, இருபது வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கோவில் கிணற்றுக்குள் ஆலமரம் முளைத்திருந்த கதையை அவருக்குச் சொன்னேன். அவர் பேத்தியின் கையில் இருந்த திருநீற்றை எனக்கு நீட்டினார்.

மஸ்கெலியாவிலிருந்து நோர்வூட்டுக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். வானம் தெளிந்திருந்தால் சிவனொளிபாதமலை முக்கோணமாகப் பின்னால் நிற்கும், 2,243 மீற்றர். நோர்வூட் தாண்டியதும் காசல்ரீ இடது கையில் திறக்கும். இங்கே பாதை ஓரளவு மட்டம். விரல் விரலாக மலைக்குள் நுழைந்த நீர், கரை வரை தேயிலை. 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம் இந்தக் கரையில்தான், நீரைப் பார்த்தபடி. மரத்தடியில் ஒரு பத்து நிமிடம் படுத்துக் கிடந்துவிட்டுப் போகலாம். என்னைக் கேட்டால் 80 கிலோமீற்றரில் இந்தக் கொஞ்சத் தூரத்துக்காகவே திரும்பத் திரும்ப வருவேன்.

தேநீர்க் கடைகளில் உங்கள் பேச்சை வைத்து உடனே கண்டுபிடிப்பார்கள். "யாழ்ப்பாணமா?" என்பார்கள். மலையகத் தமிழரை எங்கள் பக்கத்தில் எப்படிப் பேசினார்கள், எப்படி நடத்தினார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், மறந்துவிடவும் இல்லை. ஆனாலும் பிளேன்ரீயும் ரொட்டியும் தந்து, காசை வாங்க மறுப்பார்கள். வற்புறுத்திக் கொடுங்கள். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) படிகளையும் கொழுந்தெடுக்கும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அவர்களுடைய வீட்டு வாசல், வேலைத்தலம்.

போக்குவரத்து. ஏ9 வீதியால் கண்டி 321 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் சைக்கிளைப் போடுவதென்றால் சில்லுகளைக் கழற்றி, சங்கிலியைத் துணியால் சுற்றி, சாரதியிடம் முதலே பேசிவிடுங்கள். கண்டியிலிருந்து ஹற்றன் பஸ் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகத்தான் போகிறது. அதில் யன்னல் பக்கம் இருந்தால் அடுத்த நாள் இறங்கப்போகும் வீதியை முதலே பார்த்துவிடலாம். மூன்று பேர் என்றால் ஒரு சின்ன வானைப் பங்கு போட்டுப் பிடிப்பதுதான் சைக்கிளுக்கு நல்லது. ரயிலை நம்பித் திட்டம் போட வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டு, ரயில் பாதையையும் வீதிகளையும் பல இடங்களில் மண்சரிவால் உடைத்துவிட்டது. அதே காரணத்துக்காக, புறப்படுவதற்கு முதல் நாள் ஹற்றனில் தங்குமிடக்காரரிடமோ பஸ் நடத்துநரிடமோ நோட்டன் – மஸ்கெலியா வீதி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். முந்தின நாள் இரவு பெருமழை பெய்திருந்தால், வெயில் எறித்தாலும் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். நனைந்த மண் மழை நின்ற பிறகும் சரியும்.

கடைசி ஏற்றம் டிக்கோயாவிலிருந்து ஹற்றனுக்கு. நீளமில்லை, ஆனால் ஏழு மணித்தியாலத்துக்குப் பிறகு வருகிறது, பாடசாலை விட்ட நேரமாகவும் இருக்கும். பிள்ளைகள் கூடவே ஓடி வருவார்கள், பின்னால் பிடித்துத் தள்ளவும் செய்வார்கள். அவர்களோடு பேசக்கூடிய அளவு மூச்சை மிச்சம் வைத்துக்கொண்டு ஏறுங்கள். கிராங்க் எடுத்த பிறகு ஒரு நாள் மூன்று சைக்கிளையும் கொண்டு வாருங்கள், சங்கிலி நீளத்தையும் பிறேக் கட்டையையும் நான் பார்த்துத் தருகிறேன்.